பெரிய வீல் மாட்டினால் கார் சொகுசாகுமா?

மண் பாதையிலும் வண்டித்தடத்திலும் ஓடும் காருக்கு எந்த அளவு டயர் சரி? வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலும் உண்டு.

அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், வீட்டில் நிற்கும் காருக்கு ஏதாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றுவது இயல்பு. டயர் தேய்ந்துபோய்க் கடைக்குப் போனால், அங்கே சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் அலாய் வீல்கள் கண்ணைப் பறிக்கும். 'டயரோட சேர்த்து வீலையும் மாத்திடுங்கண்ணே, வண்டி கம்பீரமா நிக்கும்' என்பார் கடைக்காரர். கம்பீரமாக நிற்கும் என்பது உண்மைதான். ஓடும்போது எப்படி இருக்கும் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

திருப்பூர் மாவட்ட வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: 'என்னிடம் 14 அங்குல வீல் உள்ள ஸ்விஃப்ட் கார் இருக்கிறது. ஊரிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. 17 அங்குல அலாய் வீல் மாட்டினால் பள்ளம் மேடு தெரியாது என்கிறார்கள். மாட்டலாமா?'

வேண்டாம் என்பதுதான் சுருக்கமான பதில். பள்ளம் மேடு இப்போது தெரிவதைவிட அதிகமாகத் தெரியும். ஏன் என்று விவரமாகப் பார்ப்போம்.

கட்டை வண்டியும் டயர் வண்டியும்

இரும்புப் பட்டா போட்ட பழைய கட்டை வண்டியில் போனவர்களுக்கு அதன் குலுக்கல் மறந்திருக்காது. அதன் சக்கரம் ஆளின் இடுப்புக்கு மேல் உயரம். பிறகு வந்த டயர் வண்டியின் சக்கரம் அதைவிடச் சிறியது. ஆனாலும் மாட்டுக்கும் சுகம், ஆளுக்கும் சுகம். சக்கரம் சின்னதான பிறகும் வண்டி மெத்தென்று ஓடியதற்குக் காரணம், டயருக்குள் இருந்த காற்று.

காரிலும் இதே கதைதான். காரின் பாரத்தைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. கல்லிலோ பள்ளத்திலோ சக்கரம் ஏறி இறங்கும்போது முதலில் அமுங்குவது டயர். மிச்ச அதிர்வைத்தான் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே, ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு உயரத்துக்கு டயர் இருக்கிறது என்பதே சொகுசைத் தீர்மானிக்கும் முதல் விஷயம். இந்த உயரத்தை டயர் கடையில் 'சைடுவால்' என்பார்கள்.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்பது போல எழுதியிருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, அந்த அகலத்தில் 80 சதவிகிதம் சைடுவாலின் உயரம் என்பதைக் குறிக்கிறது. ஆர் என்றால் ரேடியல் டயர். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த டயருக்கு 165-ஐ 0.80-ஆல் பெருக்கினால் 132 மி.மீ. அதுதான் சைடுவால்.

ஸ்விஃப்ட் காரில் 2018-லும் 2024-லும் வந்த மாடல்களில், விலை குறைந்த வகைக்கு 165/80 ஆர் 14 டயரும், விலை கூடிய வகைக்கு 185/65 ஆர் 15 டயரும் நிறுவனமே கொடுக்கிறது. அதற்கு மேல் போக விரும்புகிறவர்கள் கடையில் வாங்குவது பெரும்பாலும் 195/55 ஆர் 16 அல்லது 205/45 ஆர் 17. நான்கையும் கணக்குப் போட்டால்:

165/80 ஆர் 14 – மொத்த விட்டம் 620 மி.மீ., சைடுவால் 132 மி.மீ.
185/65 ஆர் 15 – மொத்த விட்டம் 622 மி.மீ., சைடுவால் 120 மி.மீ.
195/55 ஆர் 16 – மொத்த விட்டம் 621 மி.மீ., சைடுவால் 107 மி.மீ.
205/45 ஆர் 17 – மொத்த விட்டம் 616 மி.மீ., சைடுவால் 92 மி.மீ.

மொத்த விட்டம் ஏறக்குறைய மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சக்கரம் பெரிதாகவில்லை, அதில் இரும்பின் பங்கு கூடி, காற்றின் பங்கு குறைந்திருக்கிறது. 14-லிருந்து 17-க்குப் போனால் சைடுவாலில் 40 மி.மீ. போய்விடுகிறது. அதாவது நூற்றுக்கு முப்பது பங்கு மெத்தையை எடுத்துவிட்டோம். விட்டம் மாறாததால், வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. 'வீல் பெருசானா வண்டி உசரமாயிடும்' என்று நம்பி வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஓட்டும்போது என்ன மாறும்?

நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுவோம். சைடுவால் குட்டையாக இருந்தால் வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியாது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும். அகலமான டயர் காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிடிக்கும். நான்குவழிச் சாலையிலேயே பெரும்பாலும் ஓட்டுகிறவர்களுக்கு இது பிடிக்கும். கார் நிறுவனங்கள் விலை கூடிய வகைக்குப் பெரிய வீல் கொடுப்பதற்கு அழகோடு இதுவும் ஒரு காரணம்.

நமக்கு நாள்தோறும் கிடைக்கும் சாலை வேறு. தார் பெயர்ந்த ஊராட்சிச் சாலை, வாய்க்கால் மதகு, அறிவிப்பில்லாத வேகத்தடை, மழைக்குப் பிறகு டிராக்டர் ஓடிக் காய்ந்த தடம். இங்கே குட்டை டயர் ஒவ்வொரு கல்லையும் ஸ்டீயரிங்குக்கும் முதுகுக்கும் கொண்டுவந்து சேர்க்கும். அகலமான டயர், டிராக்டர் தடத்தின் சரிவைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தன் போக்கில் இழுக்கும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாலையில் மழைநீர் தேங்கி நிற்கும்போது, அகலமான டயர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளத் திணறி அதன் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கேட்காது. டயரின் பட்டன் தேய்ந்திருந்தால் இந்த ஆபத்து இன்னும் குறைந்த வேகத்திலேயே வரும்.

காலில் ஒட்டிய களிமண்

உழவு நேரத்தில் வரப்பில் நடந்தவர்களுக்குத் தெரியும். தோளில் ஐந்து கிலோ மூட்டை இருந்தால் சமாளித்து நடந்துவிடலாம். காலில் ஆளுக்கு ஒரு கிலோ களிமண் ஒட்டிக்கொண்டால் நடையே மாறிவிடும். காருக்கும் அப்படித்தான். ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் ஆளும் சரக்கும் ஒரு விதமான பாரம். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வீல், டயர், பிரேக் எல்லாம் வேறு விதமான பாரம். கீழே எடை கூடினால், பள்ளத்தில் இறங்கி ஏறும் சக்கரத்தைத் தரையோடு அமர்த்தி வைக்க ஷாக் அப்சார்பர் கூடுதலாகப் பாடுபட வேண்டும். சக்கரம் குதிக்கும். குதிக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது.

அலாய் என்றாலே எடை குறைவு என்பது பொதுவான நம்பிக்கை. ஒரே அளவில் ஒப்பிட்டால் அப்படி இருக்கலாம். 14 அங்குல இரும்பு டிஸ்க்கையும் 17 அங்குல அலாயையும் ஒப்பிட்டால் பல நேரங்களில் அலாய்தான் கனமாக இருக்கும். இதைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பழைய வீலை டயரோடு ஒரு தராசில் வையுங்கள், புதியதையும் வையுங்கள். காய்கறி மூட்டை நிறுக்கும் தராசே போதும். நான்கு வீலுக்கும் கூடுவது எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். இந்த எடை சுழலவும் வேண்டும், நிற்கவும் வேண்டும் என்பதால், அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டத்தில் மைலேஜும் கொஞ்சம் குறையும்.

பள்ளத்தில் அடித்தால்

கூரான விளிம்புள்ள பள்ளத்தில் வேகமாக விழும்போது, டயர் முழுவதும் அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்குகிறது. 132 மி.மீ. உயரமுள்ள டயர் இந்த அடியை வாங்கித் திரும்பிவிட வாய்ப்பு அதிகம். 92 மி.மீ. டயரில் ரிம் சீக்கிரமே கல்லைத் தொட்டுவிடும். அப்படி நசுங்கும்போது சைடுவாலுக்குள் இருக்கும் நூல்கள் அறுந்து, அந்த இடம் வெளியே புடைத்துக்கொள்ளும். புடைத்த டயரை ஒட்டவோ தைக்கவோ முடியாது. நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடித்தால், உள்ளே இருப்பது நம் குடும்பம்.

ரிம்முக்கும் அடி விழும். இரும்பு டிஸ்க் பொதுவாக வளையும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் வளைவதோடு கீறலும் விடலாம். கீறல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து. டியூப்லெஸ் டயரில், ரிம்மின் உதடு சற்று வளைந்தாலே காற்று கசிய ஆரம்பித்துவிடும். சிறிய ஊர்க் கடைகளில் 14 அங்குல டயர் சுலபமாகக் கிடைக்கும். 17 அங்குலத்துக்குப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

டயரே பெரிதானால்?

மேலே சொன்னது ரிம் மட்டும் பெரிதாகும் கதை. பொலிரோ போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் செய்வது வேறு: ரிம் அதே 15 அங்குலம், டயர் மட்டும் பெரிது. இதில் சைடுவால் உயர்வதால் மெத்தை கூடும், தரை இடைவெளியும் கூடும். ஆனால் வேறு விலை கொடுக்க வேண்டும்.

பொலிரோவுக்கு நிறுவனம் கொடுப்பது 215/75 ஆர் 15. விட்டம் சுமார் 704 மி.மீ. இதை எடுத்துவிட்டு, ஜீப்புகளுக்குப் போடும் 31 அங்குல டயர் போட்டால் விட்டம் 787 மி.மீ. ஆகிறது, கிட்டத்தட்ட 12 சதவிகிதம் கூடுதல். தரை இடைவெளி 4 சென்டிமீட்டர் உயரும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 89 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். என்ஜின் அதே, கியர் அதே என்பதால் சக்கரத்தில் இழுவை பத்தில் ஒரு பங்குக்குமேல் குறையும். மூட்டை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது கிளட்ச் அந்த வித்தியாசத்தைச் சொல்லும். பிரேக்கும் அதே பிரேக்தான். பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்தக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். ஏற்கெனவே உயரமான வண்டி இன்னும் உயர்ந்தால், திடீர்த் திருப்பத்தில் சாயும் ஆபத்தும் கூடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசும்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் மாடலுக்கு நிறுவனமே கொடுத்திருக்கும் அளவுக்குள் இருப்பதுதான் பத்திரம். உடம்புக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் கேள்வி வரும்.

காப்பீட்டில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வழக்கமான கார் பாலிசியில், டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு கிடையாது. வண்டியும் சேர்ந்து சேதமானால்தான், அதுவும் டயர் விலையில் பாதி வரைதான் தருவார்கள். வெளியில் வாங்கி மாட்டிய அலாய் வீலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் சேர்க்காவிட்டால், அதற்கும் பணம் கேட்க முடியாமல் போகலாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்...

• ஓர் அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். அதே மாடலின் விலை கூடிய வகைக்கு நிறுவனம் கொடுக்கும் அளவையே தேர்வு செய்யுங்கள். ஸ்விஃப்ட்டுக்கு அது 185/65 ஆர் 15.

• டயர் தாங்கும் பாரத்துக்கு ஓர் எண் உண்டு. அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. 88 என்றால் 560 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறைவாக வாங்கக் கூடாது.

• நட்டுகள் அமையும் வட்டம் காரோடு பொருந்த வேண்டும். ஸ்விஃப்ட்டுக்கு நான்கு நட்டு, 100 மி.மீ. வட்டம். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் அதிரும்.

• 'ஆஃப்செட்' அளவைக் கேளுங்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம் இது. இது குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும். வீல் பேரிங்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் சீக்கிரம் போய்விடும்.

• அலாயில் ஐ.எஸ்.ஐ. அல்லது ஜேடபிள்யூஎல் போன்ற தர முத்திரை வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று முத்திரையில்லாததை வாங்காதீர்கள்.

• மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்து இறுக்கச் சொல்லுங்கள்.

செலவு குறைந்த வழி

வண்டி குலுக்குகிறது என்பதற்காகத்தான் வீலை மாற்ற நினைக்கிறீர்கள் என்றால், முதலில் வேறு சிலவற்றைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்ற ஸ்டிக்கர் இருக்கும். அதை டயர் சூடாகாத காலை நேரத்தில் அளக்க வேண்டும். அளவுக்கு மேல் காற்று அடித்து ஓட்டும் கார்கள் நிறைய. அடுத்து, ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 24-வது வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப்போகும். பல டயர் நிறுவனங்கள் 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கவும், 10 ஆண்டுகளைத் தாண்டினால் மாற்றிவிடவும் சொல்கின்றன. இறுகிய டயருக்குப் பதில் அதே அளவில் புது டயர் போட்டாலே வண்டி மெத்தென்று ஆகிவிடும்.

வாசகர் கேள்விகள்

'பொலிரோவில் 235/75 ஆர் 15 டயர் போட்டேன். அதன் பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. டயர்தான் காரணமா?'

ஓரளவு டயர், ஓரளவு மீட்டர். இந்த டயரின் விட்டம் பழையதைவிட 30 மி.மீ. கூடுதல், அதாவது 4 சதவிகிதத்துக்குச் சற்று மேல். மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 104 ஓடியிருக்கும். கணக்குப் போடும்போது மீட்டர் காட்டும் தூரத்தோடு 4 சதவிகிதம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் குறைவாக இருந்தால், அது டயரின் எடையாலும் அகலத்தாலும் வந்தது. கிடைத்த உயரம் 15 மி.மீ. மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

'டயரில் எலுமிச்சை அளவு புடைத்திருக்கிறது. உள்ளே டியூப் போட்டு ஓட்டலாம் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். சரியா?'

கூடாது. டியூப் காற்றைத்தான் பிடித்து வைக்கும். அறுந்த நூலின் வேலையை அது செய்யாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, புடைத்த டயரை மாற்றுங்கள். ரிம் வளைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

'நான்கு வீலும் 17 அங்குலம். ஸ்டெப்னி மட்டும் பழைய 14 அங்குலம். பரவாயில்லையா?'

மொத்த விட்டம் நெருங்கி இருந்தால், பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம். இரண்டு பக்கமும் அகலம் வேறு, பிடிமானம் வேறு என்பதால், பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அலாய்க்கும் இரும்பு டிஸ்க்குக்கும் நட்டு வேறு மாதிரி இருந்தால், பழைய நட்டுகளையும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

'டிராக்டரில் பின் டயரை 13.6-28-லிருந்து 14.9-28-க்கு மாற்றலாமா?'

இரண்டு சக்கர இழுவை டிராக்டர் என்றால், உங்கள் மாடலுக்கு இரண்டு அளவையும் நிறுவனம் அனுமதித்திருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். பல மாடல்களுக்கு அனுமதி உண்டு. அதே கியரில் வண்டி சற்று வேகமாக நகரும், பி.டி.ஓ. வேகம் மாறாது. ஆகவே ரோட்டவேட்டர் ஓட்டும்போது மண் முன்பைவிடக் கொஞ்சம் கட்டியாக விழலாம். ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். நான்கு சக்கர இழுவை டிராக்டர் என்றால் பின்பக்கத்தை மட்டும் மாற்றவே கூடாது. அதில் முன் சக்கரமும் பின் சக்கரமும் கணக்கிட்ட விகிதத்தில் சுழலும்படி கியர் அமைத்திருப்பார்கள். அந்த விகிதம் கெட்டால் டயர் சீக்கிரம் தேயும், முன் ஆக்ஸில் கியருக்கும் சேதம் வரும். மாற்றினால், கையேட்டில் உள்ளபடி முன்னும் பின்னும் ஜோடியாகவே மாற்றுங்கள்.